ஆய்வு மார்ச்சில் முடிகிறது: அந்தக் குழந்தைகளை யார் கையில் விட்டுப் போவது?

தமிழ்நாட்டில் பிசியோதெரபி படித்துவிட்டு, பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கென்யாவின் கடற்கரையோரம் உள்ள கிலிஃபி கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி), செரிப்ரல் பால்சி எனும் பெருமூளை வாதம் உள்ள 58 குழந்தைகளின் குடும்பங்களோடு பதினெட்டு மாதமாக வேலை செய்கிறார். ஆறு ஊர்களில் தாய்மார் குழுக்கள், பதினைந்து நாளுக்கு ஒரு கூட்டம். குழந்தையைச் சரியாக உட்காரவைப்பது, மூச்சுக்குழலுக்குள் போகாமல் ஊட்டுவது, இடுப்பு பிடிக்காமல் தூக்குவது என்று பயிற்சி நடக்கிறது. 21 குழந்தைகளுக்குச் சக்கர நாற்காலியோ தனி இருக்கையோ கொடுத்திருக்கிறார்கள். வலிப்பு உள்ள ஏழு குழந்தைகளுக்கு ஆய்வுப் பணத்திலிருந்து மருந்து வாங்குகிறார்கள். குழுக்களை நடத்துவது ஊக்கத்தொகை பெறும் நான்கு உள்ளூர்ப் பெண்கள். ஆய்வுக் காலத்தில் மூன்று குழந்தைகள் இறந்துவிட்டன.

இப்போது நவம்பர் கடைசி. மார்ச் கடைசியில் ஆய்வு முடிகிறது. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, கடைசிக் கூட்டத்தில் விருந்து வைத்துச் சொல்லலாம் என்றிருக்கிறார். மீதமிருக்கும் சுமார் 1,80,000 ஷில்லிங்கைக் குடும்பத்துக்கு மூவாயிரமாகப் பிரித்துக் கொடுக்க விரும்புகிறார். உள்ளூர் மாற்றுத்திறனாளிகள் அமைப்பு ஒன்று முழுப் பெயர்ப் பட்டியலைக் கேட்கிறது. குழந்தைகளின் அசைவு மதிப்பெண் பெரிதாக ஏறவில்லை, அதைத் தாய்மாரிடம் எப்படிச் சொல்வது என்று தவிக்கிறார். "நான் போன பிறகு எல்லாம் நின்றுவிடும். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?" என்று முடிகிறது கடிதம்.

அன்புள்ள வாசகிக்கு,

நிற்குமா, நிற்காதா என்பதை அறிய நீங்கள் ஊருக்குத் திரும்பும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அங்கே இருக்கும்போதே அறிந்துகொள்ளலாம். கடைசி இரண்டு மாதத்தை, நீங்கள் இல்லாத மாதங்களாக நடத்திப் பாருங்கள். மருந்து உங்கள் பையிலிருந்து வரக் கூடாது. கழன்ற போல்ட்டை உங்கள் ஆள் வந்து முடுக்கக் கூடாது. கூட்டத்தை நீங்கள் கூட்டக் கூடாது. எது உடைகிறது என்று பிப்ரவரியில் தெரிந்தால் மார்ச்சில் சரிசெய்யலாம். ஏப்ரலில் தெரிந்தால் தொலைவிலிருந்து வருத்தப்படத்தான் முடியும். அதோடு ஏப்ரல், மே அந்தக் கரையில் பெருமழைக் காலம். மண் சாலைகள் சேறாகிவிட்டால், யாராவது திரும்பிப் போய்ப் பார்க்க நினைத்தாலும் எளிதல்ல.

விருந்து வரைக்கும் காத்திருக்காதீர்கள்

கடைசியில் சொல்வது அவர்களுக்கு நல்லது என்று நினைக்கிறீர்கள். அது உங்களுக்குத்தான் எளிது. நீங்கள் இருப்பீர்கள் என்று நம்பி ஒரு தாய் ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்தியிருப்பாள். இன்னொருத்தி மாற்றுத்திறனாளி அட்டைப் பதிவை அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளியிருப்பாள். அவர்கள் மாற்று ஏற்பாடு செய்துகொள்ள நான்கு மாதம் வேண்டும். முன்பே சொன்னால் கடைசி அளவீட்டுக்கு வராமல் போய்விடுவார்களோ என்றும் பயப்படுகிறீர்கள். அளவீடு உங்களுக்குத் தேவை, தேதி அவர்களுக்குத் தேவை. ஒன்றுக்காக மற்றதை மறைக்கக் கூடாது.

ஒப்புதல் படிவத்தில் ஆய்வுக் காலம் எழுதியிருக்கிறதே என்று சமாதானம் சொல்லாதீர்கள். பதினெட்டு மாதத்துக்கு முன் ஒருமுறை வாசித்துக் காட்டியது அது. அவர்கள் உங்களை 'டக்தாரி' என்று கூப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். சுவாஹிலியில் மருத்துவர் என்று பொருள். அவர்கள் மனதில் இது ஆஸ்பத்திரி, நீங்கள் டாக்டர். ஆஸ்பத்திரி முடிந்துபோகும் என்று யாரும் நினைப்பதில்லை.

முதலில் அந்த நான்கு பெண்களிடம் சொல்லுங்கள். அவர்களுக்கு அது பிழைப்புச் செய்தி, குழுவில் எல்லோரோடும் சேர்ந்து கேட்க வைக்கக் கூடாது. பிறகு ஊர்த் தலைவர், சமூகச் சுகாதாரப் பணியாளர்கள். அதே வாரத்தில் ஆறு குழுக்கள். வராதவர்களுக்கு வீட்டில். ஐந்தாறு வாக்கியத்தைச் சுவாஹிலியிலும் கிரியாமா மொழியிலும் எழுதி வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் அதையே சொல்லுங்கள்: எந்தத் தேதியில் எது நிற்கிறது, எது தொடர்கிறது, அதற்கு யாரிடம் போக வேண்டும். "திரும்பி வர முயற்சி செய்கிறேன்" என்ற சொல் மட்டும் வேண்டாம். அது உறுதிமொழியாகத்தான் கேட்கும். சொல்லி முடித்ததும் இரண்டு மூன்று பேரைத் தங்கள் சொல்லில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். என்ன புரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

வலிப்பு மருந்து

வேலைகளில் இதற்குத்தான் முதலிடம். வலிப்பு மருந்து, அதிலும் ஃபீனோபார்பிட்டால், திடீரென நின்றால் வலிப்பு அடங்காமல் தொடர்ந்து வந்து குழந்தை இறக்கக்கூடும். நாற்காலி பழுதானால் குழந்தை பாயில் கிடக்கும், மருந்து அறுந்தால் உயிரே போகலாம்.

நீங்கள் கவனிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. ஆஸ்பத்திரிகள் தங்கள் பதிவேட்டில் எவ்வளவு மருந்து செலவானது என்று பார்த்துத்தான் அரசு மருந்துக் கொள்முதல் நிறுவனமான கெம்சாவிடம் அடுத்த சரக்கைக் கேட்கின்றன. உங்கள் ஏழு குழந்தைகளுக்கும் நீங்களே கடையில் வாங்கிக் கொடுப்பதால், அந்தப் பதிவேட்டில் அவர்கள் இல்லை. ஏப்ரலில் ஏழு பேரும் போய் நின்றால் அவர்களுக்கான சரக்கே அங்கே இருக்காது. நல்லெண்ணத்தில் செய்த உதவி அவர்களை அரசுக் கணக்கிலிருந்து மறைத்துவிட்டது. ஆகவே ஜனவரியிலேயே அவர்களைப் பதிவேட்டில் ஏற்றிவிட வேண்டும்.

டிசம்பரில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு தாள் தயார் செய்யுங்கள்: இன்றைய எடை, மருந்தின் பெயர், மாத்திரையா சிரப்பா, எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, கடைசியாக வலிப்பு வந்த நாள், கடைசியாக மருத்துவர் பார்த்த நாள். பதினெட்டு மாதத்தில் குழந்தை எடை கூடியிருக்கும், அளவு பழையதாகவே இருக்கும். ஜனவரிக்குள் ஏழு பேரையும் மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும். அந்த ஆஸ்பத்திரியில் வேறு மருந்துதான் கிடைக்கும் என்றால், மாற்றுவதை அவர்தான் படிப்படியாகச் செய்ய வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். மார்ச் கடைசி வாரத்தில் தொடங்கக்கூடிய வேலை அல்ல அது.

மாறும்போது எங்கே தவறு நடக்கும் என்று தாய்மாரிடம் பேசிவிடுங்கள். சிரப் ஒவ்வொரு கம்பெனியிலும் ஒவ்வொரு செறிவில் வரும். பழைய பாட்டிலுக்குப் பழகிய அளவையே புதியதற்கும் ஊற்றினால் மருந்து கூடும் அல்லது குறையும். விழுங்க முடியாத குழந்தைக்கு மாத்திரையை நுணுக்கிக் கொடுப்பது வழக்கம், ஆனால் மெதுவாகக் கரையும் வகைக் கார்பமாசெபைனை நுணுக்கக் கூடாது. பருவமடையும் வயதை நெருங்கும் பெண் குழந்தைக்கு வால்ப்ரோயேட் கொடுத்துக்கொண்டிருந்தால் அதைத் தனியாக மருத்துவரிடம் எழுப்புங்கள். பின்னாளில் கருவுற்றால் சிசுவைப் பாதிக்கும் மருந்து அது. எல்லாவற்றையும்விட அதிகம் நடப்பது இது: தீர்ந்துபோகப் போகிறது என்று தெரிந்ததும் தாய் பாதி பாதியாகக் கொடுத்து நாளை நீட்டுவாள். குற்றம் சொல்லாமல் நேராகவே கேளுங்கள். பத்து நாள் மருந்து மிச்சமிருக்கும்போதே கிளம்ப வேண்டும் என்பதை அவள் மனதில் பதிய வையுங்கள்.

பிப்ரவரியில் நீங்கள் வாங்காதீர்கள். தாயே போய் வாங்கட்டும். மாதக் கடைசியில் மாத்திரையை எண்ணிப் பாருங்கள். யாருக்கு 'போடா போடா' எனும் வாடகை பைக்குக்குக் கூலி இல்லாமல் தவறியது, எந்த ஆஸ்பத்திரியில் சரக்கு இல்லை என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும். தாளில் இரண்டாவது ஆஸ்பத்திரி ஒன்றின் பெயரும் இருக்கட்டும். 2024 அக்டோபரில் பழைய என்ஹெச்ஐஎஃப்புக்குப் பதிலாக வந்த எஸ்ஹெச்ஏ எனும் அரசு மருத்துவக் காப்பீட்டில் குடும்பம் பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மார்ச்சில் மருத்துவர் சீட்டோடு இரண்டு மாத மருந்தை இருப்பாகக் கொடுக்கலாம். மூடி இறுகிய டப்பாவில், மற்றப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். ஃபீனோபார்பிட்டாலை மிட்டாய் என்று தின்றுவிட்டால் அதுவும் ஆபத்து. வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் வீட்டில் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்பதைத் தாளின் தலைப்பில் பெரிதாக எழுதுங்கள்.

இதற்கு நேரமில்லை என்று உங்கள் வழிகாட்டி சொன்னால், மருத்துவ ஆய்வுக்கான சர்வதேச நெறிமுறைகளான 2016-ன் சியோம்ஸ் நெறிமுறைகளில் ஆறாவதை எடுத்துக் காட்டுங்கள். ஆய்வு முடியும்போது சிகிச்சை தேவைப்படுகிறவர்களை அடுத்த இடத்தில் ஒப்படைப்பதும் ஆய்வாளர் பொறுப்பு என்கிறது அது.

சக்கர நாற்காலி

21 நாற்காலியையும் நீங்கள் முடிந்த வேலைகள் பட்டியலில் போட்டிருக்கிறீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2008-ல் வகுத்த சக்கர நாற்காலிச் சேவையில் எட்டுப் படிகள் உண்டு. பொருத்திக் கொடுப்பது ஆறாவது, பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பது ஏழாவது, தொடர்ந்து பார்ப்பதும் பழுது நீக்குவதும் எட்டாவது. வளரும் குழந்தைக்கு அந்த எட்டாவதுதான் பாதி வேலை. கிலிஃபியின் மணலும் உப்புக் காற்றும் சேர்ந்தால் முன்சக்கரத்து பேரிங்கில் மணல் அடைத்துக்கொள்ளும், போல்ட் துருப்பிடித்து இறுகிவிடும்.

பிப்ரவரியில் 21 நாற்காலியையும் ஒருமுறை பாருங்கள். ஆனால் கை வைப்பது தாயாக இருக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். முழங்கால் மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா? மூன்று விரல், நான்கு விரல் நுழைந்தால் குழந்தை வளர்ந்துவிட்டது, இருக்கையின் ஆழத்தைக் கூட்ட வேண்டும். பாதம் பலகையில் படிந்திருக்கிறதா, தொங்குகிறதா? மெத்தையைக் கட்டைவிரலால் அமுக்கினால் அடிப்பலகை தட்டுகிறதா? தட்டினால் நுரை செத்துவிட்டது. இடுப்புப் பட்டை வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பின் மேல் இருக்கிறதா? தலை பின்னால் சாய்ந்துபோகிறதா? அந்த நிலையில் ஊட்டினால் புரையேறி நெஞ்சுச் சளியில் கொண்டுபோய் விடும்.

புண் பார்ப்பதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். தோல் சிவக்கிறதா பார் என்று கையேடுகள் சொல்கின்றன. கறுத்த தோலில் அந்தச் சிவப்பு தெரியாது, நம் ஊர்க் குழந்தைகளிலும் அப்படித்தான். பின்புறத்தையும் முதுகெலும்பு துருத்தும் இடத்தையும் கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, இன்னும் கறுத்தோ இருந்தால், அது மறையும்வரை அந்த இடத்தில் பாரம் படக் கூடாது.

பழுதுக்கு ஊரில் ஆள் இருக்கிறார். சைக்கிளும் போடா போடாவும் சரிசெய்யும் ஃபுண்டிதான் அவர். இரண்டு ஊருக்கு ஒருவர் என்று மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, ஒரு நாள் கூலி கொடுத்து உட்காரவையுங்கள். முன்சக்கரத்தைக் கழற்றி, பேரிங் மாற்றி, திரும்பப் பூட்டட்டும். உங்கள் டெக்னீஷியன் கைகட்டிப் பார்க்கட்டும். எந்த போல்ட்டுக்கு எந்த அளவு ஸ்பேனர் என்பதை நாற்காலியின் அடியில் பெயிண்டால் எழுதிவிடுங்கள். டியூப், பேரிங், போல்ட், பட்டை, மெத்தை உறை என்று உதிரிப் பாகங்களை ஒரு பெட்டியில் போட்டு, குழுவின் பொறுப்பில் வையுங்கள். ஃபுண்டியால் முடியாதவற்றுக்கு மொம்பாசாவில் பொம்போலுலு இருக்கிறது. 1958-ல் தொடங்கிய, மாற்றுத்திறனாளிகளுக்கான ஏபிடிகே சங்கம் அங்கே சக்கர நாற்காலிப் பட்டறை நடத்துகிறது.

இந்த நாற்காலிகள் யாருடையவை என்று எங்கும் எழுதப்படவில்லை என்பது உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. குடும்பத்துக்கே சொந்தமா, குழந்தைக்குச் சிறிதானதும் குழுவுக்குத் திரும்ப வேண்டுமா? இரண்டில் எதையும் குழு முடிவு செய்யலாம், ஆனால் மார்ச்சுக்கு முன் முடிவு செய்ய வேண்டும். சிறிதான நாற்காலியை வேறு குழந்தைக்குக் கொடுக்கும்போது மறுபடி அளந்து பொருத்தாமல் கொடுக்கக் கூடாது என்பதும் அந்த முடிவில் சேர வேண்டும். பொருந்தாத இருக்கை முதுகைக் கோணவைக்கும்.

குழுக்களும் அரசு அலுவலகமும்

ஆறு குழுவும் அப்படியே தொடரும் என்று எதிர்பார்க்காதீர்கள். மூன்று நிலைத்தால் அது நல்ல விளைவு. பதினைந்து நாள் கூட்டத்தை மாதக் கூட்டமாகக் குறைக்க அவர்கள் விரும்பினால் குறைக்கட்டும். அந்தப் பகுதியில் ஒரு குழுவைக் கட்டி வைப்பது பெரும்பாலும் சேமிப்புதான். 'சாமா' என்று சொல்வார்கள், நம் மகளிர் குழுச் சீட்டு மாதிரி. எந்தக் குழு ஏற்கெனவே காசு போட்டுச் சுற்றிவருகிறதோ அதுவே நிலைக்கும். கென்யாவின் 2022-ம் ஆண்டுச் சமூகக் குழுக்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்யக் குறைந்தது பத்து உறுப்பினர் வேண்டும். உங்கள் குழுக்களில் ஒன்பது பேர் உள்ளவை பக்கத்துக் குழுவோடு சேரலாமா என்று கேட்டுப் பாருங்கள். பிப்ரவரிக் கூட்டங்களுக்கு நீங்கள் போகாதீர்கள். நடந்ததா, எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் விசாரியுங்கள்.

அந்த நான்கு பெண்களும் ஊக்கத்தொகை இல்லாமலும் தொடர்வார்கள் என்ற உங்கள் எண்ணம் தவறு. தொடரலாம், ஆனால் அதைத் திட்டமாக எழுதக் கூடாது. ஏழைப் பெண்களின் கூலியில்லா உழைப்பை நம்பி ஒரு திட்டத்தைத் தொடரவைப்பது நியாயமில்லை. என்ன செய்தார்கள், எத்தனை மாதம், என்ன பயிற்சி பெற்றார்கள் என்று பணிச் சான்றிதழ் கொடுங்கள், அடுத்த வேலைக்கு அது உதவும். சட்டப்படி அவர்கள் ஊழியரா, தன்னார்வலரா என்பதை உங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் சொல் மட்டும் தீர்மானிக்காது. ஊழியர் என்றால் 2007-ம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி பணிச் சான்றிதழ் கொடுத்தே ஆக வேண்டும். நோட்டீஸ் காலம், நிலுவை பற்றி அங்குள்ள வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கவுண்டி ஆஸ்பத்திரி பிசியோதெரபிஸ்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதி ஒப்படைத்துவிடலாம் என்கிறீர்கள். அவர் மாறுதலாகிப் போனால் கடிதமும் கோப்புக்குள் போய்விடும். அவரோடு சேர்ந்து பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வீடுகளுக்குப் போங்கள். தாயும் அவரும் முகம் பார்த்துப் பேசியிருக்க வேண்டும். சமூகச் சுகாதாரப் பணியாளர் ஒருவருக்குச் சுமார் நூறு வீடுகள் உண்டு. அந்தந்த ஊர்ப் பணியாளரின் பட்டியலில் உங்கள் 55 வீடுகளும் குறியிட்டிருக்க வேண்டும். பள்ளி வயதுக் குழந்தைகளுக்குக் கல்வி மதிப்பீட்டு மையமான ஈஏஆர்சி-யில் மதிப்பீட்டுக்குத் தேதி வாங்கிக் கொடுங்கள்.

பணம் கேட்க வேண்டுமென்றால் நாள்காட்டியைப் பாருங்கள். கென்யாவில் சுகாதாரம் 2013 முதல் கவுண்டி அரசுகள் கையில் இருக்கிறது. நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்கும். கவுண்டியின் நிதி வியூக அறிக்கை பிப்ரவரி 28-க்குள்ளும், வரவுசெலவு மதிப்பீடு ஏப்ரல் 30-க்குள்ளும் கவுண்டிச் சட்டமன்றத்துக்குப் போக வேண்டும். மக்கள் கருத்தைக் கேட்பது சட்டக் கடமை. மார்ச்சில் முடிவறிக்கை எழுதிக்கொண்டு போனால் அந்த ஆண்டை விட்டுவிடுவீர்கள். ஜனவரியில் இரண்டு பக்கம் போதும்: இத்தனை குழந்தை, இன்ன மருந்து, ஆண்டுக்கு இவ்வளவு செலவு. அதைக் கொண்டுபோய்ப் பேச வேண்டியவர்கள் தாய்மாரும் அங்குள்ள மாற்றுத்திறனாளி அமைப்பும்தான், நீங்கள் அல்ல.

அட்டை பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை குழுக்களில் இருக்கும். மாற்றுத்திறனாளிகள் தேசியக் கவுன்சிலில் பதிவதும், கடும் ஊனமுள்ளவர் குடும்பத்துக்கு மாதம் 2,000 ஷில்லிங் வரும் இனுவா ஜாமி உதவியும் ஒன்றல்ல. அட்டை வந்தால் பணம் தானாக வராது, அதற்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். ஆனாலும் அட்டை வேண்டும், கவுன்சிலின் உபகரண உதவி கேட்கவும் அதுதான் வழி. மருத்துவ மதிப்பீட்டுக்குப் பெரிய ஆஸ்பத்திரி வரை போக வேண்டியிருக்கும். யாருக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை, எந்தத் தாயிடம் அடையாள அட்டை இல்லை என்ற பட்டியலை இந்த வாரமே எடுங்கள். வாரக்கணக்கில் இழுப்பது அதுதான்.

மதிப்பெண் ஏறவில்லையே

ஏறாததை ஆய்வின் தோல்வி என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். 2002-ல் வெளியான கனடா ஒன்டாரியோ ஆய்வு, பெருமூளை வாதம் உள்ள 657 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தது. லேசான முதல் நிலைக் குழந்தைகள் தங்களால் எட்டக்கூடிய அசைவுத் திறனில் 90 சதவீதத்தை ஏறத்தாழ 4.8 வயதிலும், மிகக் கடுமையான ஐந்தாம் நிலைக் குழந்தைகள் 2.7 வயதிலுமே எட்டிவிடுகிறார்கள். அவை சேவை கிடைத்த குழந்தைகளின் கோடுகள், கிலிஃபிக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் உங்கள் குழுவில் பாதிக்கு மேல் நான்காம், ஐந்தாம் நிலை என்றும், பெரும்பாலோர் நான்கு வயதைத் தாண்டியவர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அசைவுத் திறனை அளக்கும் ஜிஎம்எஃப்எம் மதிப்பெண் துள்ளி ஏறியிருந்தால்தான் நான் அளவீட்டைச் சந்தேகித்திருப்பேன்.

தாய்மாரிடம் இதைச் சொல்லத்தான் வேண்டும், ஆய்வுக் கட்டுரை வெளிவரும் முன்பே. தன் குழந்தையின் முடிவைத் தனியாக, வீட்டில் வைத்து முதலில் சொல்லுங்கள். "குழந்தை நடக்கவில்லை, அது நீங்கள் பயிற்சி சரியாகச் செய்யாததால் அல்ல" என்ற வாக்கியம் கட்டாயம் வேண்டும். பல தாய்மார் ஊரும் மாமியாரும் சுமத்திய பழியை ஏற்கெனவே சுமக்கிறார்கள். ஊட்டும் நேரம் குறைந்தது, புரையேறுவது குறைந்தது, அக்கம்பக்கத்தார் குழந்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்கியது என்று நீங்கள் எழுதியவையும் கண்டறிந்தவைதான். அதன் பிறகு ஊர்ப் பொதுக்கூட்டமான பராசாவில் பெயர் யாருடையதும் வராமல் மொத்த முடிவைச் சொல்லலாம். காதுகேளாதவர் வருவார் என்றால் கென்ய சைகை மொழிபெயர்ப்பாளருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இறந்த மூன்று குழந்தைகளின் பெற்றோரை நிறைவு விழாவுக்குப் பொது அழைப்பில் கூப்பிட்டுவிடாதீர்கள், கூப்பிடாமலும் விட்டுவிடாதீர்கள். அந்த மூன்று வீட்டுக்கும் குழு நடத்தும் பெண்ணோடு போய் உட்காருங்கள். ஆய்வு முடிகிறது என்று சொல்லுங்கள், வர விருப்பமா என்று கேளுங்கள். குழுவில் தொடர்ந்து வரலாமா என்று அந்தத் தாய் தயங்கிக்கொண்டிருக்கலாம். வரலாம் என்பதைக் குழுவே சொல்ல வேண்டும். நாற்காலி அந்த வீட்டில் இருந்தால், அன்று அதைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். குழந்தையின் படம் உங்களிடம் இருந்தால், வேண்டுமா என்று கேட்டு அச்சுப் போட்டுக் கொடுங்கள். அந்த வீட்டில் வேறு படமே இல்லாமல் இருக்கலாம்.

பெயர்ப் பட்டியல், படங்கள், மீதிப் பணம்

அந்த அமைப்பு நல்ல அமைப்பாகவே இருக்கட்டும். பட்டியலை அப்படியே கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. கென்யாவின் 2019 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நிலைத் தகவல் தனிக் கவனம் தேவைப்படும் வகை, குழந்தையின் தகவலுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். ஆய்வுக்குக் கொடுத்த ஒப்புதல் இதற்குச் செல்லாது. தொடர்பு எண்ணை மட்டும் கொடுக்கச் சம்மதமா என்று ஒரு பக்கப் படிவத்தில் வீடு வீடாகக் கேளுங்கள். சம்மதித்தவர்களின் எண் போதும், மதிப்பெண்ணும் நோய்க்குறிப்பும் போகக் கூடாது.

பெயரை நீக்கினால் அடையாளம் போய்விடும் என்பதும் சரியல்ல. ஒரு சிற்றூரில் ஐந்தாம் நிலை ஊனமுள்ள, இரட்டையரில் ஒருத்தியான ஏழு வயதுச் சிறுமி ஒருத்திதான் இருப்பாள். ஊர்ப் பெயர், ஜிபிஎஸ் புள்ளி, சரியான வயது ஆகியவற்றை நீக்கி வயதைத் தொகுதியாக்குங்கள். பிரிட்டனுக்குத் தரவை எடுத்துப்போவதற்கான அனுமதி ஒப்புதல் படிவத்திலும் எத்திக்ஸ் கமிட்டி ஆவணத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். களப் பணியாளர்களின் செல்போனிலும் வாட்ஸ்அப்பிலும் கிடக்கும் படங்களையும் குரல்பதிவுகளையும் அவர்களோடு உட்கார்ந்து அழியுங்கள். ஆய்வுகளுக்கு அனுமதி தரும் கென்ய அரசு ஆணையமான நாகோஸ்டி கொடுத்த உரிமத்தின் முடிவுத் தேதியைப் பாருங்கள், மார்ச்சுக்கு முன் முடிந்தால் இப்போதே புதுப்பிக்க வேண்டும். இறுதி அறிக்கையை ஆய்வு முடிந்த ஓராண்டுக்குள் அவர்களுக்குக் கொடுப்பதும் உரிமத்தின் நிபந்தனை. படங்களை வெளியிடுவதானால் அந்தக் குறிப்பிட்ட படத்தையே காட்டி, எங்கே வரும் என்று சொல்லி, மறுபடி கேளுங்கள். குழந்தை தலையசைத்தோ முகம் திருப்பியோ சொல்வதும் பதில்தான்.

மீதிப் பணத்தை வீட்டுக்கு மூவாயிரமாகப் பிரிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். பணம் கொடுத்தவரின் அனுமதியும் எத்திக்ஸ் கமிட்டியின் திருத்த ஒப்புதலும் இல்லாமல் அது முடியாது. கடைசி அளவீட்டுக்கு முன் கொடுத்தால் தாய்மாரின் பதில்களும் மாறிவிடும். அந்தத் தொகை ஒரு மாதத்தில் கரையும். அதே பணத்தை உதிரிப் பாகம், ஃபுண்டிகளின் கூலி, இரண்டு மாத மருந்து இருப்பு, அட்டைப் பதிவுக்கான பயணச் செலவு, முடிவு சொல்லும் கூட்டங்கள் ஆகியவற்றுக்கு மாற்றிக் கேட்டு டிசம்பரிலேயே எழுதுங்கள். காலம் போதவில்லை என்று தோன்றினால், கூடுதல் பணம் கேட்காமல் மூன்று மாதம் மட்டும் நீட்டிக்கச் சொல்லும் விண்ணப்பத்தையும் சேர்த்தே அனுப்பலாம். ஆய்வு முடிவதற்குள் அனுப்ப வேண்டும், முடிந்த பிறகு பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். ஒரு குடும்பத்துக்கு மட்டும் வீட்டுச் சரிவுப்பாதை கட்டிக் கொடுக்க ஆசைப்படுகிறீர்கள். உங்கள் சொந்தப் பணம் உங்கள் விருப்பம், ஆனால் ஆய்வு முடியும்வரை பொறுங்கள்.

கடைசியாக, வாட்ஸ்அப். தாய்மார் எண்ணைத் தடுத்துவிடவும் மனமில்லை, நள்ளிரவில் வரும் "குழந்தைக்கு ஜுரம்" என்ற செய்திக்குப் பிரிட்டனிலிருந்து பதில் சொல்லவும் முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு மாதத்துக்கு என்று தேதி குறித்துச் சொல்லுங்கள், அக்டோபர் முதல் நீங்கள் குழுவில் இருக்க மாட்டீர்கள் என்றும் இப்போதே சொல்லுங்கள். அதுவரை மருத்துவக் கேள்வி வந்தால் உங்கள் பதில் ஒன்றேயாக இருக்கட்டும்: அந்தக் குழந்தையின் தாளில் எழுதியுள்ள ஆஸ்பத்திரியின் பெயரும் எண்ணும். பிப்ரவரியில் இதையும் ஒருமுறை நடத்திப் பாருங்கள். ஏழு தாய்மாரும் அந்த எண்ணுக்கு அழைக்கட்டும், யார் எடுக்கிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.